வாலாஜா வியாபாரி வீடு: முன்கட்டு அறையைக் கேட்டு வாங்குங்கள்

வாலாஜாபேட்டையில் புதுப்பித்துத் தங்குவதற்கு விடும் பழைய வியாபாரி வீடு இது. இதில் வாடகைக்கு விடுவது ஐந்து அறை. முன்கட்டில், அதாவது வீட்டின் முன்பகுதியில், கீழே இரண்டு, அதற்கு மேல் மாடியில் ஒன்று, பின்பகுதியான பின்கட்டில் ஏசி போட்டது இரண்டு. ஏசி அறைக்கு ஒரு நாள் வாடகை 4,800 ரூபாய், முன்கட்டு அறைக்கு 3,600. காசு கூடக் கொடுத்து மோசமான அறையில் படுக்காதீர்கள். முன்கட்டுக் கீழறை கிடைத்தால் கத்திரி வெயிலிலும் தாராளமாகப் போகலாம். பின்கட்டு அறைதான் காலி என்று சொன்னால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டின் பெயரைப் போடவில்லை. இதில் சொல்லியிருக்கும் குறைகள் எல்லாமே சரிசெய்யக் கூடியவை, அதற்கு வீட்டுக்காரர்களுக்கு ஒரு கோடைகாலம் வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆற்காடு, வாலாஜா, ராணிப்பேட்டை பக்கம் புதுப்பித்து வாடகைக்கு விடும் பழைய வீடு எதுவானாலும் கீழே சொல்லும் அடையாளங்களை வைத்து அறை பார்த்துக்கொள்ளலாம்.

நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. 1866இலேயே நகராட்சி ஆன ஊர். நெசவும் வியாபாரமும் செழித்த அந்த நாளின் வசதி, வீட்டின் அளவிலேயே தெரிகிறது. தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த திண்ணை, உள்ளே நடை, பிறகு நாலு பக்கமும் தாழ்வாரம் இறங்கும் முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. முன்கட்டுச் சுவர் இரண்டேகால் அடி கனம். அறையின் உயரம் 14 அடி. இந்த இரண்டு அளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நல்லதும் கெட்டதும் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

முன்கட்டுச் சுவரைப் பழைய முறைப்படியே சுண்ணாம்புக் கலவையில் பூசியிருக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, கையை வைக்க வேண்டும். பகல் மூன்று மணிக்கு, தெருவில் வெயில் கொளுத்தும்போது, இடுப்பு உயரத்தில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் பானை மாதிரி குளிர்ந்திருக்கும். எடுத்த கையில் லேசாக வெள்ளை ஒட்டும். பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். பூச்சு சுவரோடு பிடித்திருந்தால் சத்தம் கனமாக, மந்தமாக வரும். காலிப் பெட்டியைத் தட்டுவது போல் கேட்டால் உள்ளே பூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். முன்கட்டுக் கீழறை இரண்டிலும் தரையிலிருந்து ஆள் உயரம் வரை தட்டினால், சன்னலுக்குக் கீழே ஒரு முழம் தவிர வேறெங்கும் அந்தக் காலிச் சத்தம் இல்லை. நல்ல கை வேலை.

சட்டையில் வெள்ளை ஒட்டுகிறது என்று பார்வையாளர் புத்தகத்தில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். லேசாக ஒட்டுவது சுண்ணாம்பின் இயல்பு, அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. மாவு மாதிரி உதிர்ந்தால்தான் குறை. சுவரை நனைக்காமல், ஒரே தடவையில் கெட்டியாக அடித்திருந்தால் அப்படி உதிரும். மெல்லிசாகக் கரைத்து, ஈரச் சுவரில் மூன்று தடவை அடிக்க வேண்டும். மாடி அறையில் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவர் உதிர்கிறது. அங்கே அவசரத்தில் அடித்திருக்கிறார்கள். கட்டிலை அரை அடி முன்னால் இழுத்துப் போடச் சொன்னால் தலையணைக்கு வெள்ளை வராது.

அறைக்குள் போனதும் படுத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். வீட்டில் பார்க்க வேண்டிய முக்கியமான பொருள் மேலேதான் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் தளம். சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, கட்டைகளுக்கு மேலே மூலைவாட்டமாக நிற்க வைத்த சின்னச் செங்கல் வரிசை. அந்தச் செங்கல் தளத்துக்கென்றே அறுத்துச் சூளை போட்டது, ஒரு அங்குலம்தான் கனம். சென்டரிங் பலகையே இல்லாமல், ஒரு மூலையில் ஆரம்பித்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்படி சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், மூன்று நாலு அங்குலம். ஜல்லி 32 பங்குக்கு நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு என்பது பொதுப்பணித் துறை கணக்கு. மணல் சேர்ப்பதில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். தட்டின கட்டை பள்ளம் விழாமல் எகிறித் திரும்பினால்தான் தளம் இறுகியது என்று கணக்கு. அதற்கும் மேலே தட்டையான ஓடு பாவுவார்கள். நிற்க வைத்த செங்கலையும் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய எட்டு அங்குலம் வரும். வெயில் அதைக் கடந்து அறைக்குள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

புதுப்பித்தவர்கள் இந்தத் தளத்தை இடித்துவிட்டு கான்கிரீட் போடாததற்கே ஒரு கும்பிடு போடலாம். கட்டைகளில் நாலைந்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், புதுக் கட்டையின் நிறம் வெளிர். பழையது மாதிரி தெரியட்டும் என்று அதற்குச் சாயம் பூசாமல் விட்டிருப்பது நேர்மையான வேலை.

தளத்தில் தப்பு நடப்பது விரிசலை அடைக்கும்போது. சுண்ணாம்புத் தளத்தில் முடி மாதிரி விரிசல் வரத்தான் செய்யும். அதைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்தே அடைக்க வேண்டும். சிமெண்டில் அடைத்தால், வெயிலில் சுண்ணாம்பு நகரும் அளவுக்குச் சிமெண்ட் நகராது, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியே புது விரிசல் விழும். அதன் வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கட்டையின் நுனிக்குப் போகும். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த நுனிதான் முதலில் இற்றுப் போகிற இடம். மாடி அறையின் வடமேற்கு மூலையில், கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு டீ கொட்டினது போல ஒரு கறை இருக்கிறது. மேலே மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் ஒட்டு. மழைக்காலத்துக்கு முன் இதைக் கொத்தி எடுக்காவிட்டால் அந்த ஒரு கட்டைக்கு ஆயுசு குறைவு. இப்போது தங்குவதற்கு ஆபத்து ஒன்றும் இல்லை.

வெயிலைப் பற்றி. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை, வாலாஜாவும் அதற்குக் குறைந்தது இல்லை. ஆனால் மே மாதத்தில்கூட முன்கட்டுக் கீழறையில் ஃபேன் மட்டும் போதுமாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொல்வதைக் கேட்க வேண்டும்: "ஒம்போது மணிக்கே சன்னல சாத்திக்கினா சாயங்காலம் வரைக்கும் வெக்கை உள்ள வராது சார்." காற்று வரட்டும் என்று நடுப்பகலில் சன்னலைத் திறந்துவைப்பவர்கள்தான் அறை புழுங்குகிறது என்று குறை எழுதுகிறார்கள். திறந்தால் வருவது 40 டிகிரிக் காற்று. கனமான சுவரின் வேலை, ராத்திரிக் குளிர்ச்சியைப் பகலுக்கு எடுத்துவைப்பது. ஆறு மணிக்கு மேல் கீழ்ச் சன்னல், மேலே உள்ள வென்டிலேட்டர், முற்றத்துப் பக்கக் கதவு மூன்றையும் திறந்துவிட்டால் சூடான காற்று மேல்வழியாக ஏறிப் போகும், விடியும்போது போர்வை தேடும் அளவுக்குச் சில நாள் ஆகிவிடும். கொசுவலை கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். மாடி அறை ராத்திரி பத்து மணி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் அப்போதுதான் உள்ளே இறக்கும். மாடியை மார்கழி, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பின்கட்டு. கட்டிய காலத்தில் இதுவும் முன்கட்டு மாதிரியேதான் இருந்திருக்கும். இப்போது சுவருக்குச் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பளபளக்கும் எமல்ஷன் பெயிண்ட், மேற்கே பழைய மரச் சன்னலைப் பெயர்த்துவிட்டு அலுமினியத்தில் கண்ணாடிச் சறுக்குச் சன்னல், மேலே ஜிப்சம் பொய்க்கூரை, ஒன்றரை டன் ஏசி. படத்தில் இந்த அறைதான் அழகு. உள்ளே போனதும் மூக்கில் ஏறுவது ஈர வாடை.

காரணம் இதுதான். அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், அதனால் ஈரம் அதிக உயரம் ஏறாது. சிமெண்டைப் பூசி, பெயிண்டையும் அடித்தால் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் வழி தேடி மேலே ஏறுகிறது, நிலத்தடி உப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு. பின்கட்டின் இடது அறையில், குளியலறைக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் பாருங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. விரலால் ஒன்றை அழுத்தினால் அப்பளம் நொறுங்குவது போல் நொறுங்கி, உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு கொட்டுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கிறார்கள் போலிருக்கிறது, ஓரங்களில் அடுக்கு தெரிகிறது. அடிக்க அடிக்கக் கூடத்தான் செய்யும். ஈரத் தடம் நிற்கும் உயரத்துக்கு ஓரடி மேல் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பில் பூச வேண்டும். வேறு மருந்து இல்லை.

பழைய கட்டிடம் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த வியாதி ஒன்றுதான். இங்கிலாந்தில் டியூடர் மன்னர்கள் ஆண்டது 1485 முதல் 1603 வரை. நம் வேலூர்க் கோட்டை எழும்பிய 16ஆம் நூற்றாண்டும் அதற்குள்தான் வருகிறது. அந்தக் காலத்துக் கிராமத்து மாளிகைகளுக்கு ஓக் மரச்சட்டம், இடையில் குச்சி பின்னி மண்ணும் வைக்கோலும் அப்பிய சுவர், மேலே சுண்ணாம்பு. போன நூற்றாண்டில் அவற்றைச் செப்பனிட்டவர்கள் சிமெண்டைப் பூசி, உள்ளே மாட்டிய ஈரத்தில் ஓக் சட்டத்தை இற்றுப் போக வைத்தார்கள். இப்போது அந்தச் சிமெண்டை உரித்துச் சுண்ணாம்புக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கே 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இப்படிப்பட்ட பழைய கட்டிடங்களை மீட்டுத் தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறது. அறையில் டிவி வைப்பதில்லை. கட்டிடத்தின் வரலாற்றை, என்ன பழுது பார்த்தார்கள் என்பதை ஒரு தொகுப்பாக எழுதி உள்ளே வைத்துவிடுகிறார்கள். வாலாஜா வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு வைத்தால், சன்னலை எப்போது சாத்துவது, சுவர் ஏன் வெள்ளை ஒட்டுகிறது என்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பொய்க்கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. அறை 12க்கு 14 அடி. 14 அடி உயரத்தை ஒன்பதரை அடிக்கு இறக்கினால் குளிர்விக்க வேண்டிய காற்றின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, கரண்ட் மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் பழைய இரட்டைக் கதவின் இடுக்கு வழியாகவே குளிர் போய்விடுவதால் ஏசி ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், தேக்குக் கட்டைகள் கண்ணில் படாமல் போனது. கரையான் மண் கோடு இழுத்தால் முன்கட்டில் அடுத்த நாளே தெரிந்துவிடும். பின்கட்டில் கட்டை இறங்கினால்தான் தெரியும். பொய்க்கூரையில் இரண்டடி அகலத்தில் ஒரு திறப்பாவது வைத்து மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அப்படித் திறப்பு எதுவும் இல்லை.

முற்றத்துத் தாழ்வாரங்களுக்கு நாட்டு ஓடு. அணிலும் குரங்கும் ஓட்டை நகர்த்திவிடும் என்பதால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்றிப் போட வேண்டும், அதைத் தவறாமல் செய்கிறார்கள். ஒழுகும் இடம் ஒன்றே ஒன்று: தென்கிழக்குக் கூடுவாய். இரண்டு சரிவும் சேர்ந்து தண்ணீரைக் கொட்டும் மூலை என்பதால் ஓட்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண் அகலமாவது தகரம் தெரிய வேண்டும். இங்கே மூன்று விரல் அகலம்தான் விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வேப்ப இலை அதில் அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி அடைமழையில் அந்த மூலைத் தாழ்வாரத்தில் வாளி வைக்க வேண்டியிருக்கும். மற்ற மூன்று மூலையில் மழை வெள்ளிக்கம்பியாக முற்றத்தில் இறங்குவதைத் திண்டில் உட்கார்ந்து பார்க்கலாம். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு அதுவே போதும்.

குளியலறைகளைப் பழைய சுவரோடு ஒட்டாமல் மூன்றடி தள்ளித் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். பின்கட்டு அறைகளுக்குப் பக்கத்திலேயே வாசல், முன்கட்டில் தங்குபவர்கள் ராத்திரியில் முற்றத்தைத் தாண்டி இருபது தப்படி நடக்க வேண்டும். அசௌகரியம்தான், ஆனால் மண் கலவையில் கட்டிய சுவருக்குப் பக்கத்தில் தினமும் தண்ணீர் கொட்டக் கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். வழியில் ஒரே ஒரு ஜீரோ வாட் பல்புதான். டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். தரை காவி போட்ட பழைய சிவப்புத் தரை, ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும். 25 லிட்டர் ஹீட்டர், அடுத்தடுத்து இரண்டு பேர் குளிக்கச் சரியாக இருக்கும், மூன்றாமவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

போர் தண்ணீர் கடின நீர். சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி சிக்கும். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. குடிக்கக் கேன் தண்ணீர் தருகிறார்கள், சமையலுக்கும் அதுதான். பல் துலக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது. வாசற்படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் எழும்பி நிற்கும், நிலை ஐந்தரை அடிதான், குனியாவிட்டால் நெற்றி இடிக்கும். மாடிப்படிக்கு ஒவ்வொரு படியும் பத்து அங்குல உயரம், கால் வைக்க எட்டு அங்குலம், பிடிக்க ஒரு கயிறு மட்டும். வேலூர் சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் சிலர் அமைதியான இடம் என்று இங்கே ரூம் கேட்கிறார்களாம். ஆபரேஷன் முடிந்து வருபவரை இந்தப் படிகளில் ஏற்றி இறக்குவது கஷ்டம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பார்ப்பதுதான் நல்லது.

சாப்பாடு வீட்டுச் சமையல், காலை டிபன் வாடகையில் சேர்ந்தது. இட்லி, பொங்கல் சுமார். மதியச் சாப்பாட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், இலைக்கு 250 ரூபாய். சொல்லும்போது கேழ்வரகுக் களியும் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும் என்று கேட்டு வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடிக் கத்திரிக்காய். காம்பிலும் மூடியிலும் முள் இருக்கும், காம்போடு நாலாகக் கீறி முழுசாகப் போடுகிறார்கள். குழம்பில் வெந்த பிறகும் தோல் குழையாமல், உள்ளே மட்டும் வெண்ணெயாகக் கரைகிறது. பிரியாணிக்கு ஆம்பூர் வரை போக முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பாவில் செய்கிறார்கள், அதில் தம் பத்தவில்லை, அரிசி அடியில் ஈரமாக நிற்கிறது. அந்தக் காசுக்கு ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, டெல்லி கேட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

ரயிலில் வருபவர்கள் வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, ஆட்டோ பிடிக்க வேண்டும். வீடு இருக்கும் தெருவில் கார் நுழையும், திரும்பாது. ரெண்டு தெரு தள்ளி நிறுத்த இடம் காட்டுகிறார்கள். போனில் அறை பதிவு செய்யும்போது "ஏசியா, நான் ஏசியா" என்றுதான் கேட்பார்கள். "முன்கட்டு, கீழே, கிழக்குப் பக்கம்" என்று சொல்லுங்கள். கிழக்கறைக்கு மேலே மாடி அறை இருப்பதால் மேற்கறையைவிட அங்கே வெக்கை இன்னும் குறைவு, காலை வெயிலும் சன்னலில் எட்டரை மணிக்குள் விலகிவிடும்.